கோடு வளையும் இடம்

செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி. நகரத் திட்டக் குழு.
நான் குறிப்பெழுதும் குமாஸ்தா.
வெர்லீன் ஸ்பைட் ஓட்டிவந்த பள்ளிப் பேருந்து
வெளியே இரண்டு கார்களின் இடத்தை அடைத்து நிற்கிறது.
இரண்டே முக்காலுக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

பேச மூன்று நிமிடம்.
கையில் ஓர் ஊறுகாய் பாட்டில்,
உள்ளே கிணற்றுத் தண்ணீர், கட்டன் தேநீர் நிறத்தில்.
திரவங்களைச் சான்றாக ஏற்பதில்லை என்றார் தலைவர்.
மரியாதையாகத்தான் சொன்னார்.
இங்கே யாரும் குரல் உயர்த்துவதில்லை.

சுவரில் வரைபடம்.
ஊரின் எல்லைக் கோடு
கால்ஃப் மைதானத்தை அணைத்துக்கொள்கிறது.
மூன்று மைல் தள்ளியிருக்கும் ஏரிக்கரை வீடுகளை
ஒற்றைச் சாலையின் அகலத்துக்கு
விரல் நீட்டித் தொடுகிறது.
டோபின் சாலைக்கு வந்ததும்
சாணியைக் கண்ட கால்போல
வளைந்து விலகுகிறது.

வளைவுக்கு அந்தப் பக்கம்
நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு தேவாலயம்.
எங்கள் குடிநீர் கிடையாது. எங்கள் தேர்தலில் வாக்கு கிடையாது.
ஆனால் அங்கே எது வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை
ஒரு மைல் தூரத்துக்கு எங்களுக்கு உண்டு.
சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன்.
கறுப்பு என்ற சொல் அதில் எங்குமே இல்லை.
தேவைப்படவும் இல்லை.

முதலில் குப்பைமேடு வந்தது.
பிறகு கழிவுநீர் நிலையம்.
ஊரின் கழிவு அவர்கள் வாசலுக்கு அடியில்
குழாயில் ஓடுகிறது;
அவர்கள் கழிப்பறைக்கு இணைப்பு இல்லை.
இன்றைக்குத் தார்க்கலவை ஆலை.

வெர்லீன் சொன்னார்:
"என் பின்வாசலில் நின்றால்
உங்கள் தண்ணீர்த் தொட்டி தெரியும்.
ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதி
ராத்திரியில் விளக்கும் போடுகிறீர்கள்.
என் தம்பிக்கு அந்த வெளிச்சத்தில்தான்
ஆக்ஸிஜன் குழாயை மாற்றிவிடுகிறேன்.
வெளிச்சம் மட்டும் கோட்டைத் தாண்டி வருகிறது, ஏனோ
தண்ணீர்"

மணி அடித்தது.

ஐந்துக்குப் பூஜ்யம்.
யாருக்கும் அவர்மேல் பகையில்லை.
அங்கே நிலம் மலிவு, அவ்வளவுதான் என்றார் ஓர் உறுப்பினர்.
குப்பைமேட்டுக்குப் பக்கத்து நிலம்
மலியாமல் என்ன செய்யும்?

புறம்போக்கு என்பது முதலில் நிலத்தின் பெயர்.
அதில் குடியிருப்பவரை ஏச
வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

குறிப்பில் நான் எழுதியது:
பொதுமக்களில் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.
நான்கு சொல். பிழை ஏதுமில்லை.

பாட்டிலை எடுத்துப்போக மறந்துவிட்டார்,
அல்லது மறக்கவில்லை.
அறையைப் பூட்டும்முன் கைகழுவும் தொட்டிவரை கொண்டுபோனேன்.
மூடியைத் திறந்தேன்.
இங்கே கொட்டினால்
அது குழாய் வழியாக
டோபின் சாலைக்குத்தான் திரும்பிப் போகும்.

மூன்று வாரமாக என் மேசையில் இருக்கிறது,
வெள்ளரி ஊறுகாய் என்ற சீட்டோடு.