டிரம்ஸுக்கு இடப்பக்கம்

மைனஸ் இருபத்தொன்பது.
டிம்மின்ஸிலிருந்து கப்புஸ்கேசிங் வரை
கண்ணாடியில் பனியை வழித்துக்கொண்டே வந்தோம்.
வேனின் முன்சீட்டில் ரெய்யோ,
கடைசி சீட்டில் நான்.
நடுவே இரண்டு கிட்டார், ஒரு பாடகன்,
நவம்பரில் கைக்கு வந்த
விவாகரத்துத் தீர்ப்பு.

குளிரில் வந்த பேஸ் கிட்டாரை
உடனே வெளியே எடுக்கக் கூடாது.
பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம்
அறையோடு பழகவிட வேண்டும்.
அவசரப்பட்டால் மேல்பூச்சு வெடிக்கும்,
கழுத்து கோணும்.
இந்தப் பொறுமை எனக்குக்
கிட்டார் விஷயத்தில் மட்டும் இருந்தது.

காகித ஆலையில் ஷிப்ட் முடிந்து
ஆட்கள் வருகிறார்கள். பூட்ஸ் பனி உருகித்
தரையெல்லாம் சகதி.
ஒருவர் மேடையோரம் வந்து எண்ணிப் பார்க்கிறார்:
"ரெண்டு கம்பி குறையுதே, அறுந்துபோச்சா?"
"இல்லை. தேவைப்படலை."

நோர்மான் பாடினால் வீதிவரை கேட்கும்.
டுவெய்னின் சோலோவுக்கு விசில் பறக்கும்.
நான் வாசிப்பது காதுக்குப் போவதில்லை.
பியரின் மேல் வளையம் வளையமாக,
பெஞ்சுப் பலகை வழியே தொடைக்கு,
தொடையிலிருந்து இடுப்புக்கு.
பேஸ் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு
யாரும் வீட்டுக்குப் போனதில்லை.
கால் வலிக்கிறது என்று போவார்கள்.

அவனுக்கு இடப்பக்கம்,
ஹை-ஹாட்டை ஒட்டி என் இடம்.
தீர்ப்பில் பூனை எனக்கு, கார் அவனுக்கு,
ஸ்பீக்கர்கள் பாதிப் பாதி.
நிற்கும் இடம் பற்றி நீதிபதி
எதுவும் எழுதவில்லை.

அவன் வலது காலும்
என் வலது கையின் இரண்டு விரலும்
ஒரே நேரத்தில் விழ வேண்டும்.
பதினோரு வருஷம் விழுந்தது.
வாடகை யார் கட்டுவது,
அவன் அம்மாவுக்கு யார் போன் செய்வது,
மாடியில் காலியாகவே இருந்த சின்ன அறையை
என்ன செய்வது,
இதில் எதிலும் ஒன்றாக விழுந்ததில்லை.
வாழ்க்கைதான் தாளவில்லை.
தாளத்துக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது பாட்டு. சோலோ பாதியில்
கிக் டிரம் நின்றது.
பெடல் ஸ்பிரிங் அறுந்து அவன் காலடியில் கிடக்கிறது.
டுவெய்ன் கண்ணை மூடி எங்கோ மேலே இருந்தான்.
அவனுக்கு ஒன்றும் தெரியாது.
கீழே தரை போய்விட்டது
தெரிந்தது எங்கள் இருவருக்கு.

நவம்பருக்குப் பிறகு முதல்முறையாக
ரெய்யோ என்னைப் பார்த்தான்.
நான்கு விரலைக் காட்டினான்.
நான்கு சுற்று.

உள்ளங்கையால் கம்பிகளை அழுத்திச்
சத்தத்தின் குரல்வளையைப் பிடித்து
கட்டைவிரலால் இடித்தேன்.
டுப். டுப்.
அவன் காலை நான் வாசித்தேன்.
ஒற்றைக் கையால் ஸ்நேரைத் தட்டிக்கொண்டே குனிந்து
லக்கேஜ் கட்டும் ரப்பர் கயிற்றை
எங்கோ மாட்டினான்.
நான்கு முடிந்து ஐந்தின் முதல் அடியில்
கால் வந்து விழுந்தது,
என் விரலின் மேல்,
ஒரு மயிரிழை விலகாமல்.
யாரும் கைதட்டவில்லை.
ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இரவு ஒன்றரை. பின்வாசல் படிக்கட்டு.
என் ஸ்பீக்கர் கேபினெட்டை
ஒருவர் தூக்க முடியாது.
மேலே நான், கீழே அவன், எப்போதும்போல.
அதன் முதுகில் வெள்ளை டேப்பில்
கிஸ்லேன் லஹ்தினென் என்று
அவன் கையெழுத்தில் என் பழைய பெயர்.
ஒருமுறை உரித்துப் பார்த்தேன்.
கோந்து விடவில்லை.

"படி."
"தெரியும்."
"கடைசிப் படியில் ஐஸ்."
"தெரியும்."

பெட்ரோல் போக ஆளுக்கு எண்பத்திரண்டு டாலர்.
அவன் முன்சீட்டில், நான் கடைசியில்.
ஊர் விளக்குகள் முடிந்து
ஸ்ப்ரூஸ் மரங்கள் தொடங்கும் இடத்தில்
"ஸ்பிரிங் வாங்கணும்" என்றான்,
யாரிடமும் இல்லை.

"ஹர்ஸ்டில் ஹார்டுவேர் கடை
எட்டு மணிக்குத் திறக்கும்" என்றேன்,
யாரிடமும் இல்லை.