தகப்பன் பெயர் என்கிற கட்டம்

பள்ளப்பட்டியில் சித்தப்பா வீட்டு முகப்பில்
கிரானைட்டில் வெட்டியிருக்கும்: இஞ்ஞாசி இல்லம்.
ரயில்வேயில் பார்சல் பிரிவில் இருந்தவர்.
எந்த மூட்டை எங்கே ஏறியது என்று
தெரியாமல் தூக்கம் வராது அவருக்கு.
எண்பத்தேழில் ஏற்காட்டுக்குப் போய்
கோயில் கல்யாணப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்து
சார்ட் தாளில் வம்சத்தை வரைந்துகொண்டு வந்தார்.
உச்சியில் ஒரு பெட்டி. அதற்குள் இஞ்ஞாசி.
அவருக்குக் கீழே நாங்கள் ஐம்பத்தெட்டு பேர்.

அந்த வருஷம் எனக்குக் கணக்கெடுப்பு வேலை.
பள்ளி விட்டதும் தெருத்தெருவாய்
அட்டையைத் தொடையில் வைத்து எழுதுவேன்.
பெயர், உறவு, ஆணா பெண்ணா, வயது.
வெள்ளிப்பட்டறை வீட்டில் ஒருத்தி
கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்தபடியே கேட்டாள்:
"இத்தனை பேரையும் எழுதிட்டுப் போயி
என்னங்க டீச்சர் பண்ணுவீங்க?"
"எண்ணுவோம்."
"எண்ணுனப்புறம்?"

பயிற்சி வகுப்பில் யாரோ சொன்னார்கள்,
எண்ணி முடித்தால் தாள் கூழாகிவிடும் என்று.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.
குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அதனாலேயே இருக்கும், அந்த ஞாயிறு மலையேறினேன்.
இருபது கொண்டை ஊசி. பதினாலாவதில் வாந்தி.
பங்குச் சாமியார் தர்மபுரிப் பக்கத்துப் பையன்,
என்னிடம் படித்தவர்கள் வயசு.
இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்,
பூச்சி தின்று சல்லடையான 1892ஐ.

லத்தீனில், சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்தில்:
பிலவேந்திரன், தோட்டக் கூலி, வயது சுமார் இருபத்திரண்டு.
கித்தேரி, வயது சுமார் பதினாறு.
சுமார், சுமார்.
பக்கம் முழுக்க ஒருவருக்கும் பிறந்தநாள் இல்லை.
பெண்ணின் தகப்பன் பெயர்: இக்னோத்துஸ்.

"இதோ எங்க இஞ்ஞாசி" என்றேன்.
சாமியார் செல்போன் வெளிச்சத்தைத் தாளருகே கொண்டுவந்தார்.
விரல் வரிவரியாக இறங்கியது.
அதே பக்கத்தில் இன்னும் மூன்று இக்னோத்துஸ்.
"உங்க சித்தப்பா கணக்குப்படி
ஒரே ஆளு நாலு பொண்ணுக்கு அப்பன்"
சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.
"அது பேரில்லைங்க டீச்சர்.
தெரியலைன்னு அர்த்தம்."

தொண்ணூற்றிரண்டில் பதினாறு போக எழுபத்தாறு.
தாது வருஷம்.
பஞ்சத்தில் யாரோ ஒரு கைக்குழந்தையை
கீழேயிருந்து இவ்வளவு தூரம் தூக்கி நடந்திருக்கிறார்.
பெற்றவரா, வழியில் கண்டெடுத்தவரா,
அவர் திரும்பி இறங்கினாரா.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
கித்தேரி என்பதுகூட
அன்றைய திருநாளைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம்.

கையொப்பம் போடும் இடத்தில் சிலுவைக் குறி.
குறுக்குக் கோடு கோணல்.
நெடுங்கோட்டை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது.
என் பாட்டனைப் பெற்றவள்
தன் கையால் எழுதியது அவ்வளவுதான்.

அதற்கு முந்தின வருஷம் அவளையும் எண்ணியிருப்பார்கள்.
நூலகத்தில் அந்தத் தொகுதி இருந்தது.
சேலம் ஜில்லா, பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதோர்.
நீளமான எண்.
கடைசி இலக்கத்தில் ஒன்று குறைந்திருந்தால்
நான் இல்லை, சித்தப்பா இல்லை, கிரானைட் இல்லை.

என் பகுதியில் கடைசி வீடு அவருடையதுதான்.
சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.
பெயர்க்கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்,
எழுத்துப் பள்ளங்களில் குச்சி விட்டு
தூசியை நோண்டியபடி.
பேரன் ஓடிவந்தான், வாயில் தட்டுவடை செட்,
சட்டையில் பீட்ரூட் கறை.

அட்டையைத் தொடையில் வைத்தேன்.
"பேர் என்னப்பா?" என்றேன், தெரியாதவள் மாதிரி.
"இஞ்ஞாசி. உனக்குத் தெரியாதா அத்தை?"

ஆண். வயது ஒன்பது. எழுதப் படிக்கத் தெரியும்.
கூழாகப் போகிற தாள்தான்.
ஆனாலும் பேனாவை மூடுமுன்
இரண்டு ஞவுக்கும் சுழி சரியாக விழுந்ததா என்று
இன்னொரு தடவை பார்த்தேன்.