புளியரைக்கு அப்பால் ஓட்டிப் பார்க்க

பிரானூர் பார்டரில் மரமில்லுக்கு மேல் எங்கள் அறை.
ரம்பம் நிற்கும் வரை
கீபோர்டில் தேக்குத் தூள் விழும்.
ஒன்பது மணிக்கு மேல்தான்
யோசிப்பது காதில் கேட்கும்.

'ஓடை' என்று பெயர் வைத்திருந்தோம்.
மலையில் பெய்வது எவ்வளவு,
மண் குடிப்பது எவ்வளவு,
மிச்சம் எத்தனை மணிக்கு மதகுக்கு வரும்
என்று பதினொரு வருஷமாய்
விண்டோஸில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

புனலூரிலிருந்து ஷைனி வர்கீஸ் கேட்டார்:
"எங்கள் ஆய்வகம் முழுக்க லினக்ஸ்.
அதே மலைதானே,
மேற்கே விழுவதையும் எண்ணித் தரக் கூடாதா?"
தாண்டிவிடலாம் என்றார் இசக்கிராஜா,
ஏதோ புனலூர் பஸ்ஸைப் பிடிப்பதுபோல.

தாண்டினால், சாய்கோடு அங்கே எதிர்ப்பக்கம் சாய்கிறது.
கணவாய்க் காற்றுக்கு
எங்கள் தென்னைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்தவை.
ஆயிரத்து நானூறு இடங்களில்
ஒவ்வொன்றாய் நிமிர்த்தி
மறுபுறம் சாய்த்தோம்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்
ஒன்றென்று பழகியிருந்தது நிரல்.
தமிழுக்கு அந்தப் பேதம் கிடையாது, நமக்கும் உறைக்கவில்லை.
அங்கே முதலெழுத்து மாறினால் கோப்பு வேறு ஆள்.
பர்மிட்டில் இனிஷியல் விட்டுப்போனதற்கு
லாரியை ஓரங்கட்டுவார்களே, அந்த மாதிரி.

இதெல்லாம் சில்லறை.

ஜூலை பன்னிரண்டின் மழையை இரண்டிலும் ஓட்டினோம்.
விண்டோஸ் சொன்னது
மதகில் விநாடிக்கு நாற்பத்தொரு கனஅடி.
லினக்ஸ் சொன்னது ஐம்பத்தாறு.
மறுபடி ஓட்டினால் நாற்பத்தெட்டு.
மறுபடி ஓட்டினால் பூஜ்யத்துக்கும் கீழே:
தண்ணீர் மலையேறிக்கொண்டிருந்தது.

"அந்த ஊர் சரியில்லை" என்றார் இசக்கிராஜா.
மூன்று நாள் நானும் அப்படித்தான் நம்பினேன்.

நாலாம் இரவு, பரோட்டா ஆறி விறைத்த நேரம்,
அறுநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் அகப்பட்டது.
மண்ணின் பழைய ஈரம் என்றொரு மாறி.
அதற்கு ஒருநாளும் நாங்கள் தொடக்க மதிப்பு கொடுத்ததில்லை.
விண்டோஸ் தற்செயலாய் அங்கே பூஜ்யம் வைத்திருந்தது,
யாரும் கேட்காமலே, பதினொரு வருஷமாய்.
லினக்ஸில் அந்த இடத்தில்
வேறெதுவோ விட்டுப்போன எச்சம்.

பூஜ்யமாவது சரியா?
ஜூலையில், குண்டாற்றுச் சரிவில்,
கை வைத்தால் விரலிடுக்கில் சேறு பிதுங்கும் மண்ணுக்கு?
ஊறிக் கிடந்த மலையை
வறண்டதென்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.
தண்ணீர் கூடுதலாய் வந்த வருஷங்களில்
வானத்தைக் குறை சொல்லியிருக்கிறோம்.

வெளியீட்டுக் குறிப்புக்கு
"சிறு பிழைகள் திருத்தப்பட்டன" போதும் என்றார்.
நான் எழுதியது:
சோதனைப் பதிப்பு 0.9. லினக்ஸுக்கு முதல் தடவை.
இதன் விடை பழைய விடையோடு ஒத்துப்போகாது.
பழையது தவறு.
இதை நம்பி மதகு திறக்க வேண்டாம்.
எங்கே உடைகிறது என்று சொல்லுங்கள்.

"பழையது தவறு" என்பதை இரண்டு தடவை அழித்தார்.
மூன்றாம் தடவை விட்டுவிட்டு
டீ வாங்கப் போனார்.

அனுப்பும்போது மணி இரண்டேகால்.
கீழே, புளியரைக்குப் போகிற எம்-சாண்ட் லாரிகள்
தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றன.
எங்கள் பொதி பதினாறு எம்பி,
யாரும் கை காட்டவில்லை.

காலையில் ஷைனியின் பதில்:
"தொடங்கியதுமே விழுந்துவிட்டது.
என் கோப்புறையின் பெயர் 'மழ'.
மலையாள எழுத்தில்."

நாங்கள் எப்போதும் டேட்டா ஒன்று, டேட்டா இரண்டு
என்றுதான் வைப்போம், ஆங்கிலத்தில்.

இசக்கிராஜா ஒன்றும் பேசாமல்
புதுக் கோப்புறை ஒன்றுக்கு 'மழை' என்று பெயரிட்டு
எங்கள் விண்டோஸில் ஓட்டினார்.
அதுவும் விழுந்தது.

கீழே ரம்பம் தொடங்கியது.