ஆறாம் இடம்

பலகையில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:
கூடாரம் ஒன்றுக்கு ஓர் இரவுக்குப் பத்து டாலர்.
தண்ணீர்க் குழாய் கிடையாது. மின்சாரம் கிடையாது.
பதினான்கு இரவுக்கு மேல் தங்கக் கூடாது.
வெளியூர் விறகு ஆகாது, வண்டு கூடவே வரும்.
விழுந்த கிளையைப் பொறுக்கலாம்,
நிற்கிற மரத்தைத் தொடக் கூடாது.
இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது.

இதற்கு ஆதி முகாம் என்று பெயர் வைத்தவர்
மாவட்ட அலுவலகத்தில் ஏசிக்கு நேர் கீழே உட்காருகிறவர்.
ஆதி மனிதனிடம்
பத்து டாலருக்குச் சில்லறை இருந்ததா என்று
அவரை யாரும் கேட்கவில்லை.

என் வேலை காலை ஏழுக்கு.
வாசலில் நட்ட இரும்புக் குழாயின் பூட்டைத் திறந்து
உறைகளை எடுப்பேன்.
அயோவாவின் கோடை ஈரத்தில்
ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்.
பெயர், வண்டி எண், இடம், எத்தனை பேர், எத்தனை இரவு.
ஒரு குடும்பத்தைப் பற்றி
மாவட்டத்துக்குத் தெரிய வேண்டியது இந்த ஐந்து கட்டம்.

டில்லெரி, ராய்ஸ். ஆறாம் இடம். மூன்று பேர்.
ஆகஸ்ட் பத்தொன்பதிலிருந்து தினமும்
ஓர் இரவுக்கான காசு மட்டும்.
மொத்தமாகக் கட்டுகிறவன் விடுமுறைக்கு வந்தவன்.
அன்றன்றைக்குக் கட்டுகிறவனை
நான் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

ஐந்தாவது உறையில் இரண்டு பேர்.
எட்டாவதில் ஒருவர்.
அதே பேனா, அதே சாய்ந்த எழுத்து.
கட்டணம் குறையவில்லை,
கூடாரத்துக்குத்தானே கணக்கு, தலைக்கு இல்லையே.

அன்று முழுக்க, புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி
அவன் வீட்டை நானே இடித்துக்கொண்டிருந்தேன்.
சண்டை என்றேன். குடி என்றேன்.
மருத்துவமனை என்று ஒரு சுற்று.
ஆற்றுத் திருப்பத்தில், அவன் மனைவியை
வேறொருவனோடு அனுப்பியும் வைத்தேன்.

பதினான்காம் நாள் போய்ச் சொல்வது என் கடமை.
மரத்துக்கு மரம் கயிறு கட்டி
சீருடைச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.
கயிறு கட்டக் கூடாது, அதுவும் விதிதான்.
நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மெதுவா பேசுங்க" என்றான் ராய்ஸ்.
மார்லாவுக்கு முட்டைப் பண்ணையில் இரவு ஷிப்ட்,
இப்போதுதான் படுத்தாளாம்.
டெஸ்ஸா ஊருக்குள் சித்தி வீட்டில்.
பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, படிவத்தில் விலாசம் கேட்கிறார்கள்,
ஆறாம் இடம் என்று அடித்தால்
கணினி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறதாம்.
"ராத்திரியில நான் ஒருத்தன்தானே.
அதான் ஒண்ணுன்னு போட்டேன். தப்பா?"

தப்பில்லை என்றேன்.
இரவு பத்துக்கு மேல் அமைதி கேட்கிற பலகை
காலை பத்துக்குத் தூங்குகிறவளைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
ஆறாம் இடத்தைச் சுற்றிய புல்
அந்த வாரம் முழங்கால் வரை வளர்ந்தது.

நாற்பத்தெட்டு மணி நேரம் வெளியே இருந்துவிட்டுத்
திரும்பி வரலாம். பலகையின் பின்பக்கம்,
பொடி எழுத்தில் இருக்கிறது. அதையும் சொன்னேன்.

எங்கே போனார்களோ. இரண்டு இரவும் மழை.
நெருப்புக் குழியைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி.
தொட்டேன். ஒரு குச்சி கூட மிச்சமில்லை.

அதற்கடுத்த காலை குழாய்க்குள் ஓர் உறை கனத்தது.
ஒரு டாலர் தாள் ஏழு,
கால் டாலர் நாணயம் பன்னிரண்டு.
எத்தனை பேர் என்ற கட்டத்தில் மூன்று.
கட்டத்துக்கு வெளியே, யாரும் கேட்காமலே,
சின்னதாக எழுதியிருந்தான்:
சனிக்கிழமை.