எடுக்கத் தகடு இல்லை

திருத்துறைப்பூண்டியில் ரயில்வே கேட் தாண்டி
மூன்றாவது ஷட்டர் என் கடை.
சம்பாவுக்குக் காப்பீடு கட்ட இன்றே கடைசி.
வாசலில் பதினோரு பேர்,
வடியும் குடைகள்,
பிளாஸ்டிக் பைக்குள் மடித்த அடங்கல்.

கம்ப்யூட்டர் கறுத்து நிற்கிறது.
இடம் போதவில்லையென்று நேற்றிரவு
ஒரு பகுதியை அழிக்கப்போய் இரண்டை அழித்தேன்.
பழைய பெட்டி. விற்றவர் கூத்தாநல்லூர் நஜீர்.
"இதுல ரெண்டு சிஸ்டம் இருக்கு, கை வச்சிடாதீங்க"
என்று சொல்லித்தான் விற்றார்.
இப்போது திரையின் மூலையில்
க்ரப் என்று ஒரு சொல்,
பக்கத்தில் கண்சிமிட்டும் சின்னக் கோடு,
கேள்வியைக் கேட்டுவிட்டு
ஃபைலிலிருந்து தலைதூக்காத
தாலுகா ஆபீஸ் ஆள் மாதிரி.

நஜீருக்குப் போன் போட்டேன்.
லினக்ஸ் சிடி இருக்கா என்றார்.
இருந்து என்ன?
புயல் வருஷம் உள்ளே போன தட்டு
குண்டூசி விட்டுக் குத்தியும் வெளியே வரவில்லை.
பென்டிரைவ்?
பிளஸ் டூ பையன் ஒருவன் வாங்கிப்போனான்,
போனவன் போனவன்தான்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மழைச்சத்தம் மட்டும்.
"டி டிரைவ்ல ஒரு ஃபைலு விட்டுவச்சிருந்தேனே,
ரெண்டு ஜிபி, அதையுமா அழிச்சீங்க?"
இல்லை. என்னவென்று தெரியாததால்
அதை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.
"அப்ப அதான் சிடி."

சிடி என்றால் வட்டமாக இருக்கும்,
வெயிலில் காட்டினால் வானவில் தெரியும்,
காக்காய் விரட்ட வயலில் கட்டலாம் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவர் சொல்லச்சொல்ல அடித்தேன்.
முதலில் எல், எஸ்.
எந்த அறையில் என்ன கிடக்கிறதென்று காட்டியது.
அடுத்து லூப்பேக்.
அந்த ஃபைலைச் சுட்டி
இதுதான் தகடு, நம்பு,
என்று எந்திரத்திடம் சொல்கிற வரி.
நம்பியது.
மூன்றாவது வரியில் ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டேன்.
ஃபைல் இல்லை என்றது.
இருக்கு என்றேன், வாய்விட்டு.
இடும்பாவனம் காத்தமுத்து எட்டிப் பார்த்து
"என்னம்மா, தண்ணி வல்லியா?" என்றார்.
கடைமடையில் நாலு மா அவருக்கு.
எது தாமதமானாலும் அப்படித்தான் கேட்பார்,
பஸ்ஸானாலும், பென்ஷனானாலும்.

சாய்கோட்டைப் போட்டேன்.
பூட் என்று அடித்து என்டர்.
வெள்ளை எழுத்து சரசரவென்று மேலே ஏறி
ஏறி ஏறி
நின்று
ஒரு மலை வந்தது.
எங்கள் ஜில்லாவிலேயே இல்லாத மலை,
உச்சியில் பனி வேறு.
"எல்லாம் மெமரியிலதான் ஓடுது,
கரண்டு போச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது"
என்றுவிட்டு நஜீர் வைத்துவிட்டார்.
யூபிஎஸ் பேட்டரி பலாக்கொட்டை போல்
உப்பியிருப்பது அவருக்குத் தெரியாது.

ஒவ்வொருவராய் ஆதார், பாஸ்புக், அடங்கல்.
சர்வே நம்பரை இரண்டுமுறை படித்துக் காட்டினேன்.
ரசீது வரும்வரை யாரும் உட்காரவில்லை.
ஏழாவது ஆளின் ஓடிபி வருகிற நேரம்
ஃபேன் நின்றது.
யூபிஎஸ் அலறியது.
மலை அப்படியே இருந்தது.
எத்தனை நொடியோ,
ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கியபோது
ஓடிபி காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான்.

நாலே முக்காலுக்குப் பதினோராவது ரசீது.
நாளைக்கும் தேவைப்படுமென்று
ஐந்து வரியையும் கிழிந்த அடங்கல் நகலின்
பின்பக்கம் எழுதி மேசையில் ஒட்டினேன்.
பிறகு அணைத்தேன்.

உடனே அணையவில்லை.
தகட்டை எடுத்துவிட்டு என்டர் தட்டவும் என்று
இங்கிலீஷில், மரியாதையாகக் கேட்டது.

மழை விடட்டுமென்று நின்றிருந்த காத்தமுத்து
"என்னாங்குது?" என்றார்.
சொன்னேன்.
ரசீது நனையாமல் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு
குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.
"ஒண்ணுமில்லியேம்மா."

ஒன்றுமில்லைதான்.
தட்டினேன்.