கூமுட்டை

செக்போஸ்டில் தலை எண்ணினார்கள்.
பதிமூன்று என்றேன்.
மூடுபனிக்குள் டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
போகச் சொன்னார்கள். உண்மையில் பதினான்கு.
மாராயி மடியில் ஒருத்தி இருந்தாள்.

போடிமெட்டிலிருந்து பூப்பாறை வரை இறக்கம்.
இறக்கத்தில் எந்த ஜீப்பும் நல்ல ஜீப்புதான்.
தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில்
ஃபோர்வீல் போட்டு, மூக்கைத் தூக்கியதும்
இரண்டு தும்மல்.
பிறகு படுதாமேல் மழைச் சத்தம் மட்டும்.

செல்ஃப் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.
பெட்ரோல் வாடை முதலில் எனக்கு,
அப்புறம் பின்னால், சோற்றுத் தூக்குகளுக்கு நடுவே.
"குடிச்சிருச்சு" என்றாள் ஜக்கம்மா.
இன்ஜினைத்தான் சொன்னாள்.
என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஏழு பத்து. எட்டுக்குப் பேர் வாசிப்பார்கள்.
எட்டு ஐந்துக்குப் போனால் அரைச்சம்பளம்.

ஏர்கிளீனரைக் கழற்றினால்
கார்ப்பரேட்டரின் தொண்டை தெரிகிறது.
ஜெட் வாயில் வழிந்துகொண்டே இருந்தது,
யாரும் கேட்காமலே பதில் சொல்கிறவன் மாதிரி.
ஸ்பேனர் பிடியால் கிண்ணத்தைத் தட்டினேன்.
சில நாள் அதற்கே பயந்து
ஊசி தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.
இன்றைக்கு இல்லை.
நாலு பிளக்கும் நனைந்து கறுத்திருந்தன.
முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள் சிவனம்மா,
சேலை கெட்டது, சேலை கெட்டது என்று
முனகிக்கொண்டே.

மூடியில் ஐந்து ஸ்குரூ.
ஆறாவது போன வருஷமே எங்கோ விழுந்தது.
உள்ளே ஊசி சுத்தம். தூசி இல்லை, தேய்மானம் இல்லை.
அதுதான் பயம். அழுக்கு இருந்தால் துடைக்கலாம்.
மிதவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்,
மழையில், பித்தளையைப் பார்த்தபடி.

ஜக்கம்மா வாங்கிக் காதோரம் ஆட்டினாள்.
"கூமுட்டை. களக்களக்குன்னுது, கேளு."

மிதக்க வேண்டியதும் குடித்திருக்கிறது.
அது எழுந்தால்தான் ஊசி போய்க் கதவை அடைக்கும்.
இது அடியில் கிடக்கிறது, கனத்து.
பம்ப் அனுப்ப அனுப்ப, கதவு திறந்தே.

வளைவுக்கு மேலே எல்டோவின் டீக்கடை. ஓடினேன்.
"அடுப்பின்றெ அடுத்தோட்டு வரல்லே!"
என் கையை மோந்தே கத்தினான்.
ஒரு சொம்பு கொதிநீரை அவனே ரோட்டோரம் வைத்துவிட்டு
அடுப்புக்குக் காவல் நிற்கப் போனான்.

முக்கினோம்.
தையல் ஓரத்தில் ஒரு கொப்புளம்.
அதே இடத்தில் இன்னொன்று.
ஊசிமுனைகூட இல்லை அந்த ஓட்டை.
மைலேஜ் குறைகிறதென்று மூன்று மாதமாக
பங்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
சூட்டில் உள்ளிருந்தது சீறிச் சீறி வெளியேறியது.

ஈயம் வைக்க ராஜகுமாரி போக வேண்டும்.
ஜக்கம்மா பைக்குள் கைவிட்டாள்.
ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற நாளில்
கை கழுவக் கொண்டுவரும் துணிச்சோப்பு.
நகத்தால் சுரண்டி, உருட்டி, ஓட்டையில் அழுத்தினாள்.
"டேங்கு ஒழுகுனா வைக்கீக. இதுக்கு வைக்கப்படாதா?"
தெரியாது என்றேன்.
வைத்தோம்.

ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்து,
விடாமல், செல்ஃப்.
முதலில் ஒரு சிலிண்டர். பிறகு மூன்று.
கறுப்புப் புகை டீக்கடை வரை போனது.
யாரும் ஏறவில்லை. ஏற்றம் முடியட்டும் என்று
தூக்கோடு நடந்தார்கள் பதினான்கு பேரும்.
வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு
அவர்கள் பின்னாலேயே போனேன்.

எட்டு இருபத்தைந்து.
கங்காணி பேரேட்டில் பதினான்கு அரைக்கோடு போட்டான்.
எனக்குத் தலைக்கு இவ்வளவு என்று முழுசாக எழுதினான்.
நான் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் மூடியைத் திறந்து பார்க்கவும் இல்லை.
ஜக்கம்மா கேட்காமலே முன்சீட்டில் ஏறி
பானெட் பக்கம் காதைச் சாய்த்தாள்.
பூப்பாறை தாண்டும்வரை பேச்சில்லை.
"சோப்பு பத்து ரூவா" என்றாள் பிறகு.
"எட்டு மணிக்கு மேல குடுத்தது.
அஞ்சு குடு போதும்."