இதர

குளிர்பெட்டிக் கதவில், மின்கட்டண ரசீதின் முதுகில்
உலான்பாத்தரின் ஜனவரி முழுக்க:
நிலக்கரி, மாவு, ஆட்டிறைச்சி,
அனுகாவுக்குப் பல் மருத்துவர்.

சரன்துயா பேருந்து ஓட்டக் கிளம்புகையில்
பூரெவ் இரவுப்பணி முடிந்து வருவான்.
வாசலில் பூட்ஸ் கழற்றுகிறவனும் மாட்டுகிறவளும்
பேசிக்கொள்ள நாற்பது நொடி.
மிச்சமெல்லாம் இந்தத் தாளில்தான்:
"இறைச்சியைக் குறை."
"முதலில் உன் டாக்ஸியை."

நாலு நாளாய்க் கணக்கு உதைக்கிறது,
ஆறாயிரம் துக்ரிக்.
அவன் சட்டையில் சிகரெட் வாசம்.
அவள் கைப்பையில் புது உதட்டுச்சாயம்.
யாரும் மறுபடி கூட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை
கடைசி வரியில் 'இதர' என்று ஆறாயிரம்.
கோணல் எழுத்து, அனுகாவுடையது.
அவளுக்கு ஒருபக்கக் கன்னம் உப்பியிருந்தது.

இருவரும் பார்த்தார்கள்.
கேட்கத்தான் வாய் வரவில்லை.
பல் மருத்துவர் வரியை மட்டும்
சரன்துயா கொஞ்சம் உயர்த்தி வைத்தாள்.